எக்ஸ்பெக்டட் ஃபைலை மாற்றியது நான்தான்

“அண்ணா, இதுல எது சரின்னு எப்படி முடிவு பண்ணீங்க?” என்று கூட வேலை செய்கிறவள் கேட்டபோது, டெஸ்ட் ஓடி வந்த அவுட்புட் ஃபைலை ரிசல்ட்ஸிலிருந்து, சரியான விடை இருக்க வேண்டிய எக்ஸ்பெக்டடுக்கு காப்பி செய்து முடித்திருந்தேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று பிளான் போடும் பிளானரில் நான் செய்த ஒரு மாற்றத்துக்கான டெஸ்ட் அது. டிஃபில், அதாவது இரண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தில், நாலைந்து வரிதான். டேபிள்களைச் சேர்க்கும் முறை மாறியிருந்தது: மைனஸில் (பழையது) ஹாஷ் ஜாயின், பிளஸில் (புதியது) நெஸ்டட் லூப். “விடை மாறலையே, பிளான்தானே” என்றேன். சரி என்று போய்விட்டாள்.

நான் சொன்னது தப்பில்லை. செலக்டிவிட்டி கணக்கில், அதாவது ஒரு கண்டிஷனுக்கு எத்தனை வரி தேறும் என்ற மதிப்பீட்டில், கை வைத்தால் பிளான் மாறத்தான் செய்யும். போஸ்ட்கிரெஸில் வேலை செய்கிற எல்லோரும் டிஃபைப் படித்து, நியாயமாகப் பட்டால் புது அவுட்புட்டை ஏற்றுக்கொள்கிறவர்கள்தான். ஆனால் நான் படித்தேனா? காஸ்ட் எண்கள் (பிளானின் செலவு மதிப்பீடு) மெஷினுக்கு மெஷின் ஆடும் என்பதால் டெஸ்டில், பிளானைக் காட்டும் எக்ஸ்ப்ளைனுக்கு காஸ்ட்ஸ் ஆஃப் போட்டுவிடுகிறோம், அதோடு எத்தனை வரி வரும் என்று பிளானர் போட்ட கணக்கும் மறைந்துவிடுகிறது. ஆன் செய்து பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கஸ்டமரிடமிருந்து டிக்கெட். ராத்திரி ஆரம்பித்த ரிப்போர்ட் விடிந்துதான் முடிந்திருக்கிறது. நெஸ்டட் லூப், பிளானர் எதிர்பார்த்தது 1 வரி, வந்தது 2 லட்சத்துக்கு மேல். டேபிளைப் பற்றிய ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதுப்பிக்கும் அனலைஸை ஓட்டச் சொன்னேன், சரியாகிவிட்டது. ஸ்டாடிஸ்டிக்ஸ் பழசு என்று எழுதி டிக்கெட்டை மூடினோம். அதுவே காரணமாகவும் இருக்கலாம், டேட்டா லோடுக்குப் பிறகு அவர்கள் அனலைஸ் ஓட்டவே இல்லை.

ஆனால் எங்கள் டெஸ்ட் எதைத்தான் பிடித்திருக்கும்? டெஸ்டில் பயன்படும் டென்க்1 டேபிளில் 10,000 வரி. அனலைஸ் டிஃபால்ட்டாக 30,000 வரி வரைக்கும் சாம்பிள் எடுக்கும், அதாவது அந்த டேபிளை ஒரு வரி விடாமல் பார்த்துவிடும். கஸ்டமரிடம் கோடிக்கணக்கில் வரிகள், அங்கேயும் அதே 30,000தான். பிளானர் தடுமாறுகிற சூழ்நிலையே டெஸ்டில் கிடையாது. அப்படியிருக்க அந்த ஃபைலை நான் மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன? இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது, அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை.

என் மாற்றத்தை எடுத்துவிட்டு, அந்தப் பழைய ஸ்டாடிஸ்டிக்ஸோடு ஒருமுறை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அனலைஸ் ஓட்டியதும் பழையது போய்விட்டது. கஸ்டமர் லைனில் காத்திருக்கும்போது, முதலில் அதை ஒரு காப்பி எடுத்து வையுங்கள் என்று யார் சொல்வார்கள்? அவள் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவளை அந்த ஃபோன் காலில் சேர்க்கவில்லை.