ரமணாசிரமத்திலிருந்து விருபாட்ச குகை வரை: அருணாசல மலையில் ஒரு மௌன நடை

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 14 கிலோமீட்டர் கிரிவலத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பௌர்ணமி இரவில் அந்தச் சாலை முழுக்க பக்தி இருக்கும்; அமைதியை அங்கே எதிர்பார்க்க முடியாது. மனம் அடங்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஏற்றது மலையின் மேலேயே போகும் கல்பாதை. ரமணாசிரமத்தின் பின்புறம் தொடங்கி, ரமண மகரிஷி முன்பு வாழ்ந்த ஸ்கந்தாசிரமம் ஏறி, அதற்கும் முன் அவர் இருந்த விருபாட்ச குகை வழியாக அருணாசலேசுவரர் கோயிலுக்கு இறங்குகிறது.

எதிர்த்திசையில், கோயில் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்களும் உண்டு. அந்தப் பக்கம் படிகள் செங்குத்து. மூச்சு வாங்க, வேர்வை வழிய குகை வாசலில் போய் நின்றால் தியானத்தில் உட்காரவே நேரம் பிடிக்கும். ஆசிரமப் பக்கத்து ஏற்றம் மெதுவானது, நடக்க நடக்க உடம்பு தானாகப் பழகிவிடும். இப்படிப் போனால் மலை இடக்கைப் பக்கம் வருகிறதே என்று சிலர் தயங்குவார்கள். மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்ற விதி வலம் வருவதற்குத்தான். இது ஒரு சந்நிதியிலிருந்து இன்னொரு சந்நிதிக்குப் போகும் வழி, அவ்வளவே.

பௌர்ணமியும் கார்த்திகை தீப நாட்களும் வேண்டாம். சாதாரண வார நாளில் காலை எட்டு மணி வாக்கில் புறப்படுவது நல்லது. ஸ்கந்தாசிரமத்துக்கும் குகைக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. ஆசிரம அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரொம்ப முன்னால் போனால் பூட்டிய கதவின் முன் காத்திருக்க வேண்டும். தாமதித்தால் சித்திரை, வைகாசி வெயிலில் கல் கொதிக்கும்.

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்வது செருப்பு விஷயத்தில். வெறுங்காலோடு ஏறுவதுதான் இங்கே பலருக்கும் வழக்கம். அதற்காகச் செருப்பை ஆசிரமத்தில் விட்டுப் போனால், நடை முடியும் இடமோ ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கோயில் பக்கம். உச்சி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு திரும்ப வேண்டிவரும். ஆகவே செருப்பைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் போதும், குரங்குகள் வந்துவிடும். வாழைப்பழம், பிரசாதம் எதையும் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நடக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நிறைமாத கர்ப்பிணியான அரசி நடப்பது போல நடக்க வேண்டும் என்று கிரிவலத்துக்குச் சொல்வார்கள். இந்த ஏற்றத்துக்கும் அதுவே பொருந்தும். நாமத்தை அடியோடு சேர்த்துக்கொள்ளலாம். முதல் அடிக்கு ‘அருணா’, இரண்டாவதுக்கு ‘சல’, மூன்றாவதுக்கு ‘சிவ’, நான்காவது அடி மௌனம். உதடு அசைய வேண்டாம். மூச்சு முட்டி நாமம் நடுவில் அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். நின்று, மூச்சு சீரான பிறகு தொடருங்கள். அந்த நான்காவது அடியில்தான் காது திறக்கும். சருகுக்கடியில் ஓணான் ஓடும் சத்தமும், கீழே எங்கோ மயில் அகவுவதும் அப்போது தனித்தனியாகக் கேட்கும். இப்படிப் போனால் ஸ்கந்தாசிரமம் சேர முக்கால் மணி நேரம் ஆகும். பேசிக்கொண்டே போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள், ஆனால் பேச்சும் அவர்களோடு உள்ளே வந்துவிடும்.

பாதை தெற்குச் சரிவிலிருந்து கிழக்கே திரும்பியதும் ஊரின் சத்தம் மேலேறி வரும்: பஸ் ஹாரன், ஒலிபெருக்கி. அமைதி கெட்டது என்று பலர் இங்கே சோர்ந்துபோவார்கள். நாமத்தை விடாமல் நடந்தால் அது ஒரு பின்னணியாக ஒதுங்கிவிடும். சற்று மேலே பாறை விளிம்பில் நின்றால் அருணாசலேசுவரர் கோயில் முழுதாகத் தெரியும்: மதிலுக்குள் மதில், ஒன்பது கோபுரங்கள், கிழக்கே 217 அடி ராஜகோபுரம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது புரியாத கோயிலின் அமைப்பு இங்கிருந்து ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

பகவான் ரமணர் 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் இருந்தார். அன்னை அழகம்மாள் 1922 மே 19 அன்று இங்கேதான் முக்தியடைந்தார். புனித மலைமேல் அடக்கம் செய்வதில்லை என்பதால் தெற்கு அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். பகவான் அநேகமாகத் தினமும் இந்தச் சரிவில் இறங்கிச் சமாதிக்குப் போய்வந்தார். அந்த டிசம்பரில் ஒருநாள் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்; இன்றைய ஆசிரமம் அப்படி வளர்ந்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் இந்தக் கற்களில் கால் வைக்கும் விதமே மாறும்.

ஸ்கந்தாசிரமம் வந்ததும் உள்ளே போய்க் கண்ணை மூடாதீர்கள். வேர்வை காயும்வரை வெளியே மர நிழலில் இருந்துவிட்டு, பிறகு உள்ளே போய் உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் மனம் இரைச்சலாகத்தான் இருக்கும். பெரும்பாலோர் சரியாக அந்த நேரத்தில்தான் எழுந்துபோகிறார்கள். இன்னும் பத்து நிமிடம் இருந்து பாருங்கள்.

அங்கிருந்து விருபாட்ச குகைக்குச் செங்குத்தான இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியோடு வருவது நல்லது. மழை பெய்த மறுநாள் கல் வழுக்கும். 1899 முதல் 1916 வரை பகவான் வாசம் செய்த குகை இது. உள்ளே காற்றோட்டம் குறைவு, இருட்டு, வெதுவெதுப்பு. மூச்சுத் திணறும் என்று அஞ்சுகிறவர்கள் வெளியில் உட்காரலாம், ஒரு குறையும் இல்லை.

வழியில் எங்கும் கற்பூரம் ஏற்றக் கூடாது. கோடையில் இந்த மலைப் புல் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். பாதையை விட்டு மலைமேல் ஏறவும் வேண்டாம். கனமழை நாட்களில் இந்தப் பக்கமே வரக் கூடாது: 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

குகையிலிருந்து இறங்கினால், கோயிலின் மேற்குக் கோபுரத்தை ஒட்டிய பேய்க் கோபுரத் தெரு. அங்கே செருப்பைப் போட்டுக்கொண்டு, கோயில் மதிலை வலப்பக்கமாக வைத்து, வடக்கே அம்மணியம்மன் கோபுரத்தைக் கடந்து ராஜகோபுரத்துக்கு வாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொரு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் அவசரமில்லாமல் அண்ணாமலையாரையும் உண்ணாமுலையம்மனையும் தரிசிக்கலாம்.