தம்பியின் மூளைக் கட்டியும் அல்ட்ராசவுண்டும்

என் தம்பி பாம்பனில் விசைப்படகுக்குப் போகிறவன். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் கடலுக்குள் போகாமல் தப்பினான். ராமநாதபுரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது மூளையின் வலது முன்பக்கத்தில் ஏதோ இருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மதுரையில் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த நியூரோ சர்ஜன், "கிளியோமா மாதிரி தெரியுது. எடுத்து டெஸ்ட் பண்ணினாத்தான் உறுதியா சொல்ல முடியும்" என்றார். கிளியோமா என்பது மூளையிலேயே உருவாகும் ஒரு வகைக் கட்டி. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போது அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும். ஆபரேஷன் அந்தச் சமயத்தில்தான் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் பிழைத்தோம். அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அலைவது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் நான் சொல்ல வந்த விஷயம். ஆபரேஷன் நடக்கும்போதே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னதும், "மாசமா இருக்கிறவங்களுக்கு எடுக்கிற ஸ்கேனா சார்?" என்று கேட்டேன். அதே தொழில்நுட்பம்தான். மண்டை ஓடு ஒலி அலையை உள்ளே சரியாக விடாது. பச்சைக் குழந்தைக்கு உச்சிக்குழி மூடாமல் இருப்பதால் அதன் வழியாக மூளையைப் பார்த்துவிடலாம், பெரியவர்களுக்கு அது முடியாது. ஆனால் ஆபரேஷனுக்காக மண்டை ஓட்டைத் திறந்துவிட்டால் அந்தத் தடை போய்விடுகிறது. கிருமி நீக்கிய உறை போட்ட சின்ன புரோபை, அதாவது ஒலி அலையை அனுப்பி வாங்கும் ஸ்கேன் முனையை, நேராக மூளையின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இது எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே எடுத்த படம். மண்டையைத் திறந்து, உள்ளே இருக்கும் நீர் வடிந்து, கட்டியிலும் பாதியை எடுத்த பிறகு மூளை இருந்த இடத்தில் இருப்பதில்லை. சில மில்லிமீட்டர், சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் படகு ஓட்டுகிறவர், சட்டென்று பிடித்துக்கொண்டார்: "நம்ம போட்ல எக்கோ சவுண்டர்ல பாக்கிற மாதிரி. இப்ப அடியில என்ன இருக்குன்னு இப்பவே தெரியும்." டாக்டரும் அதேதான் என்றார்.

ஆபரேஷன் முடிந்த பிறகு சேமித்து வைத்திருந்த படங்களை டாக்டர் எங்களுக்குக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளை, நடுவில் வெளுப்பாகக் கட்டி. அடுத்த படத்தில் கட்டி இருந்த இடம் கறுத்த குழி, அதற்குள் சலைன் நிரப்பியிருந்தார்கள். குழியின் ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. "வெறும் கண்ணுக்கு இது மூளை மாதிரியேதான் இருந்துச்சும்மா. இதைப் பார்த்துட்டுத்தான் மறுபடி எடுத்தேன்" என்றார். கை கால் அசைவுக்கான பகுதியை ஒட்டியிருந்ததைத் தொடாமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னார். கடைசிக் கட்டத்தில் ரத்தமும் சலைனும் சேர்ந்து ஓரத்தை வெளுப்பாகக் காட்டும், கட்டி மீதி இருப்பது போலவே தெரியும், அதனால் பழகிய கண் வேண்டும் என்றும் சொன்னார். உள்ளபடி சொல்கிற டாக்டர் கிடைத்தது பெரிய பாக்கியம்.

கட்டியை எடுத்ததும் ஒலி அலைக் கருவியால்தான். கியூசா என்கிறார்கள். அதன் முனை விநாடிக்கு சுமார் 23,000 முறை அதிர்ந்து கட்டியைப் பொடியாக்கி, அங்கேயே உறிஞ்சிவிடுகிறது. ரத்தக் குழாய்க்கு நெகிழ்வு இருப்பதால் கட்டி உடைகிற மாதிரி அது எளிதில் உடையாது.

ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவர், கத்தியே வைக்காமல் ஒலியாலேயே கட்டியைக் கரைக்கிறார்களாம், அதுவரை பொறுக்கலாமே என்றார். அதையும் டாக்டரிடமே கேட்டுவிட்டோம். தலையில் கவசம் போல மாட்டி, 1,024 முனைகளிலிருந்து ஒலியை ஒரே புள்ளியில் குவிக்கும் கருவி இருப்பது உண்மை. அமெரிக்காவில் 2016-இல் அதற்கு அனுமதி கிடைத்தது கை நடுக்க நோய்க்கு. பிரான்ஸின் கார்தெரா நிறுவனம் மண்டை ஓட்டில் பொருத்தும் சோனோகிளவுட் என்ற கருவியைச் செய்திருக்கிறது. ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி ஒலியைக் கொடுத்தால், ரத்தத்திலிருந்து மூளைக்குள் மருந்தை விடாமல் ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தடுப்பு சில மணி நேரம் திறக்கிறது. கட்டிக்கான கீமோ மருந்து அந்த நேரத்தில் கூடுதலாக உள்ளே போகிறது. ஆனால் மூளைப் புற்றுக்கு இதெல்லாம் சோதனை முயற்சியாகத்தான் நடக்கிறது. அதற்காகக் காத்திருந்து, கையில் இருக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் சர்ஜனிடம், "ஆபரேஷன் நடுவுல எவ்வளவு மீதி இருக்குன்னு எப்படிப் பாப்பீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். அல்ட்ராசவுண்டோ வேறு வழியோ, பதில் தெரிந்துவிடும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் கிரேடு 2, அதாவது மெதுவாக வளரும் வகை, என்று வந்தது. ரேடியேஷன் முடிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய படங்களின் சி.டி.யை ஒவ்வொரு முறையும் கொண்டு போகிறோம், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கடலுக்குப் போக இன்னும் அனுமதி தரவில்லை. தம்பி கரையில் வலை பின்னுகிறான். இடது கை விரல்கள் முன்னைப் போலவே வேலை செய்கின்றன.