50 பட்டையா, 75 பட்டையா: தூக்குத் தாங்கியின் வெல்டு கணக்கு

பட்டறைத் தூணில் செயின் பிளாக் (சங்கிலியால் சுமை தூக்கும் கருவி) மாட்ட ஒரு தாங்கி வேண்டியிருந்தது. 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் உள்ள இரும்புப் பட்டையைக் குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் 4 மி.மீ. ஃபில்லட் வெல்டு (மூலையை முக்கோணமாக நிரப்பும் பற்றவைப்பு) போடுவதாகத் திட்டம். சுமை 100 கிலோ, அதாவது ஏறத்தாழ 1,000 நியூட்டன். அது தொங்குவது தூணிலிருந்து 300 மி.மீ. தள்ளி.

முதலில் சுமையை வெல்டின் பரப்பால் வகுத்தேன். கழுத்துத் தடிமன், அதாவது வெல்டின் மிக மெல்லிய இடம், 4 × 0.7 = 2.8 மி.மீ.; இரண்டு கோடுகளுக்குமாகப் பரப்பு 280 சதுர மி.மீ. தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு விழும் விசை, 3.6 மெகாபாஸ்கல்தான். நிம்மதியாக இருந்தேன். மறுநாள்தான் உறைத்தது: சுமை வெல்டைக் கீழே இழுப்பதோடு நிற்பதில்லை, நெம்பவும் செய்கிறது. வெல்டின் மேல்முனை பிய்த்துக்கொள்ளப் பார்க்கும்.

வெல்டை வெறும் கோடாக வைத்துப் போடும் கணக்கில், இரண்டு குத்துக்கோடுகளுக்கு நீளத்தின் வர்க்கத்தை 3ஆல் வகுக்க வேண்டும்: 2,500 / 3 = 833. வளைக்கும் திருப்புத்திறன், அதாவது சுமை × தூரம், 3,00,000. வகுத்தால் மி.மீ.க்கு 360 நியூட்டன். கழுத்தால் வகுத்தால் 129 மெகாபாஸ்கல். நான் வைத்திருப்பது 6013 வெல்டிங் ராடு. அதன் இழுவலிமை சுமார் 414 மெகாபாஸ்கல். அதில் 30 சதவீதம் எடுத்தால் 124தான் வரம்பு. கீழ்நோக்கிய வெட்டு இதன்முன் ஒன்றுமேயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு துண்டில் வெல்டு போட்டு, கசடைத் தட்டிவிட்டு லென்ஸில் பார்த்தேன். முடியும் இடத்தில் சிறு குழி. தொடங்கிய இடத்தில் இரும்பு சரியாக உருகிச் சேரவில்லை. இரு முனையிலும் 4 மி.மீ. கழித்தால் மிஞ்சுவது 42. தகைவு 182க்கு ஏறிவிடுகிறது.

வெல்டைத் தடிமனாக்கலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். 6 மி.மீ. போட்டுப் பார்த்தேன். முனைக்கழிவும் கூடிவிடுவதால் 148. தேறவில்லை, ராடும் இரண்டு மடங்குக்கு மேல் தின்னும். அதே 4 மி.மீ. வெல்டோடு பட்டையை மட்டும் 75 ஆக்கினால், கழித்தது போக 67 மி.மீ. நீளம், தகைவு 72! நீளம் வர்க்கமாக வேலை செய்கிறது, தடிமன் அப்படிச் செய்வதில்லை.

சென்ற ஞாயிறு 75 பட்டையைப் பற்றவைத்து, இரண்டு சிமெண்ட் மூட்டைகளை இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் இறக்கிவிட்டு, வெல்டில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தேன்; வெடிப்பு இருந்தால் அதில் தங்கிய சாயம் வெள்ளையில் சிவப்பாக எழும். மேல்முனையை வெகுநேரம் பார்த்தேன். சிவப்புக் கோடு எதுவும் எழவில்லை.