செய்முறைப் பரீட்சை: லேபலை முதலில் எழுதுங்கள், கரைசலைப் பிறகு செய்யுங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. இரசாயனச் செய்முறையில் ஏ. எழுத்துப் பரீட்சையில் என்ன வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். அதற்கு வழிகாட்ட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கரைசல் தயாரிப்பது, அதைச் சரிபார்ப்பது, வாய்மொழிப் பரீட்சையில் அதற்காக வாதாடுவது என்ற இந்த ஒரு பகுதியைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அடுத்த அணியில் இருக்கும் தம்பி தங்கைமார் கேட்டுக்கொண்டே இருப்பதால், சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். நேரம், குழு பிரிக்கும் விதம், புள்ளித் திட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆய்வுகூடத்துக்குள் விட்டவுடன் எல்லோரும் தராசு அறைக்கு ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் உங்கள் மேசையில் நின்று லேபல் எழுதுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களின் பெறுபேற்றையும் பார்த்துவிட்டேன்.

ஒட்டுநாடாவில் ஒரு விரல் நீளத் துண்டு. பேனையால் எழுத வேண்டாம். எங்கள் மட்டக்களப்பு வெயிலில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில், உள்ளங்கை வியர்வையே மையைக் கரைத்துவிடும். பென்சிலால் எழுதுங்கள். பொருளின் முழுப் பெயர், எதிர்பார்க்கும் செறிவு, திகதி, உங்கள் சுட்டெண், "அரிக்கும்" என்றோ "நஞ்சு" என்றோ ஓர் எச்சரிக்கைச் சொல். அதன் கீழே "நியமப்படுத்திய செறிவு" (பிறகு சரிபார்த்துக் கண்டறியும் உண்மைச் செறிவு) என்று எழுதி, எதிரே ஒரு கோடு போட்டு வெறுமையாக விடுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் உங்கள் புள்ளி இருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கணக்கைச் செய்யாமல் லேபலை எழுத முடியாது. 0.1 மூலர் (ஒரு லீற்றரில் 0.1 மூல்) சோடியம் ஐதரொட்சைட்டு, 250 மில்லிலீற்றர் என்று எழுதும்போதே ஒரு மூலின் திணிவான 40 கிராமில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 1 கிராம் என்பது கைக்கு வந்துவிடும். போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு கணிப்பானைத் தேடும் நிலை வராது. இன்னொன்று: மேசையில் இருக்கும் அத்தனையும் நிறமற்ற திரவங்கள். என் பக்கத்து மேசைத் தோழி அமிலத்தையும் காரத்தையும் ஒரே மாதிரியான இரண்டு கனமானக் குடுவைகளில் (குறித்த கனவளவுக்குக் கழுத்தில் குறியிட்ட குடுவை) குறி வரை நிரப்பி அருகருகே வைத்திருந்தார். வாய்மொழிப் பரீட்சைக்கு அழைத்தார்கள். திரும்பி வந்தபோது எது எது என்று அவருக்கே தெரியவில்லை. காரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகும் பினோத்தலீனில் ஒரு துளி போட்டால் தெரிந்துவிடும்தான். அவரும் அதைத்தான் சொன்னார். மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. லேபல் இல்லாத கரைசல் கழிவு, ஊற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள் என்றார். கொடுமையாகத் தோன்றினாலும் அவர் சொன்னதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். வேலைத்தளத்தில் பெயரில்லாத போத்தலை முகர்ந்தும் தொட்டும் கண்டுபிடிக்கப் போனவர்களால்தான் அந்த விதியே வந்தது.

இனிச் சோடியம் ஐதரொட்சைட்டு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

மணிக்கூட்டுக் கண்ணாடியில் வைத்த வெள்ளைக் குறுணிகளை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் மங்கலாக, சுண்ணாம்பு நிறத்தில் இருக்கும். பிறகு விளிம்புகள் பளபளக்கத் தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு குறுணியின் அடியிலும் ஈரம் கசியும். அதே நேரம் தராசின் நான்காவது தசம இலக்கம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், நிற்காது. தராசு பழுது என்று கையை உயர்த்தியவர்கள் இருக்கிறார்கள். தராசு நன்றாகத்தான் இருக்கிறது. குறுணி காற்றிலிருந்து நீரை இழுக்கிறது, கூடவே காபனீரொட்சைட்டையும். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில், அதுவும் மாரி மழை தொடங்கிவிட்டால், இது இன்னும் விரைவாக நடக்கும். எங்கள் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர், வயதானவர், எப்போதும் சொல்வார்: "தம்பி, எடுத்ததும் மூடுங்கள். போத்தல் வாய் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது."

ஆகவே 1.0000 கிராம் வரவேண்டும் என்று ஒவ்வொரு குறுணியாகப் போட்டு எடுத்து விளையாட வேண்டாம். அது வீண். 1 கிராமுக்கு அண்மையில் எதுவானாலும் எடுத்து, வாசிப்பைக் குறித்து, உடனே முகவைக்குள் போட்டுவிடுங்கள். இந்தச் சேர்வை முதன்மை நியமம் அல்ல, அதாவது நிறுத்த நிறையைக் கொண்டே செறிவைச் சரியாகச் சொல்லக்கூடிய பொருள் அல்ல. நீங்கள் எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் அதன் செறிவு உங்களுக்குத் தெரியாது. கடதாசியில் நிறுக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் காலமாக இருந்தால் தராசு அறைக் கதவைச் சாத்துங்கள், தராசின் கண்ணாடிக் கதவையும் மூடுங்கள்.

கரைக்கும்போது வெப்பம் வெளிவரும். 1 கிராமை 50 மில்லிலீற்றரில் கரைத்தால் ஏறத்தாழ 5 பாகைதான் ஏறும். கை சுடாது, அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கனமானக் குடுவையின் கழுத்துக்குக் கீழே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: 20 பாகை செல்சியஸ். தண்ணீர் 20 இலிருந்து 30 பாகைக்குப் போனால் ஏறத்தாழ 0.25 சதவீதம் விரியும். 250 மில்லிலீற்றரில் அது 0.6 மில்லிலீற்றர், பன்னிரண்டு துளி. திரவத்தை உறிஞ்சி அளந்து எடுக்கும் 25 மில்லிலீற்றர் ஏ வகுப்புக் குழாயியின் அனுமதிக்கப்பட்ட வழு 0.03 மில்லிலீற்றர்தான். குழாயியின் நுனித் துளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இந்தப் பன்னிரண்டு துளியைக் கவனிப்பதே இல்லை. சூடாக இருக்கும்போது குறி வரை நிரப்பினால், ஆறியதும் கனவளவு சுருங்கிச் செறிவு கூடிவிடும். முகவையிலேயே ஆற விடுங்கள், பிறகு குடுவைக்கு மாற்றுங்கள். குளிரூட்டிய தராசு அறையில் வைத்திருந்த காய்ச்சி வடித்த நீரை எடுத்துவந்து உடனே ஊற்றுவதும் இதே வழுவைத்தான் மறுபக்கமாகத் தரும். கரைசலைச் செய்யும் வெப்பநிலையும் நியமிப்பு (செறிவைக் கண்டறிய இன்னொன்றோடு தாக்கமுறச் செய்து, செலவான கனவளவை அளப்பது) செய்யும் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கட்டும்.

வாய்மொழிப் பரீட்சையில் இதைச் சொன்னபோதுதான் என்னைக் கேள்வி கேட்டவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆகவே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

காரத்தின் செறிவைச் சரிபார்ப்பது பொற்றாசியம் ஐதரசன் தலேற்று என்ற அமில உப்பினால். இது முதன்மை நியமம். மூலர்த் திணிவு 204.22. கனலடுப்பில் 110 பாகையளவில் உலர்த்தி, உலர்த்திப் பாத்திரத்தில் ஆற வைத்திருப்பார்கள். சூடாக எடுத்து நிறுத்தால் மேலெழும் வெப்பக் காற்று தட்டைத் தூக்கும். நிறை குறைவாகக் காட்டும். 25 மில்லிலீற்றரளவு 0.1 மூலர் காரம் செலவாக வேண்டுமானால் 0.51 கிராம் வேண்டும். இங்கே நான்கு தசமமும் உண்மையாகவே தேவை. என் வாசிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்: 0.5104 கிராம், அளவியில் (திருகுபிடியும் அளவுக் குறிகளும் உள்ள நீள் குழாய்) செலவானது 25.60 மில்லிலீற்றர். 0.5104 ஐ 204.22 ஆல் வகுத்து, வந்ததை 0.02560 ஆல் வகுத்தால் 0.0976 மூலர். லேபலில் 0.1 என்று இருக்கிறது, உண்மை 0.0976. ஈரம் உறிஞ்சிய குறுணியை நிறுத்தால் குறைவாகத்தான் வரும் என்பதால் இந்த எண்ணை நம்பலாம். 1 கிராமுக்குக் குறைவாக எடுத்துவிட்டு 0.108 என்று வந்தால் கணக்கிலோ கனவளவிலோ ஏதோ பிழை. அறிக்கை எழுதுமுன் தேடுங்கள். எண்ணைத் திருத்தி 0.1000 என்று எழுதுபவர்களைப் பரீட்சகர்கள் எளிதில் பிடித்துவிடுகிறார்கள்.

நியமிப்பு உங்களுக்குத் தெரியும். அங்கே அதிகம் தவறவிடப்படுபவை மட்டும்:

அளவியைக் கரைசலாலேயே கழுவுங்கள். நியமிப்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும்.

கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில். நம்பாதவர்கள் ஊர்க் கிணற்று நீரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றுப் போட்டுப் பாருங்கள், குளோரைட்டு இருந்தால் பாலாகக் கலங்கும்.

புனலை எடுத்துவிட்டு வாசியுங்கள். நுனியில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது.

பினோத்தலீன் இரண்டு துளி போதும். மங்கலான இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிவு. பிறகு நிறம் போவது காற்றின் காபனீரொட்சைட்டால். அதற்காக மேலும் ஒரு துளி விட வேண்டாம்.

குழாயியின் கடைசித் துளியை ஊத வேண்டாம். வாயால் உறிஞ்சுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இறப்பர்ப் பந்து வேலை செய்யவில்லை என்றால் வேறொன்று கேளுங்கள்.

அமிலத்தில் சொல்ல அதிகம் இல்லை. அடர் ஐதரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 12 மூலர். 250 மில்லிலீற்றர் 0.1 மூலருக்கு 2.1 மில்லிலீற்றர். குடுவையில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் முதலில், அமிலம் பிறகு. அடர் சல்பூரிக் அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த கதைதான், தெறிப்பது முகத்துக்கு. வெயில் காலத்தில் அமிலப் போத்தலுக்குள் ஆவி அழுத்தம் ஏறியிருக்கும். புகை உறிஞ்சும் அலுமாரிக்குள் வைத்து, முகத்தை விலக்கி, மெதுவாகத் திருகுங்கள். ஊற்றும்போது போத்தலின் லேபல் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். வழிந்தால் எழுத்து அழியாது. தூக்கும்போது ஒரு கை அடியில்.

அமிலத்துக்குப் பயப்படும் அளவுக்குக் காரத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அது தவறு. விரல் நுனி சவர்க்காரம் தடவியதுபோல வழுக்கினால் காரம் தோலில் இருக்கிறது என்று பொருள். எரிவு தொடங்கும்வரை காத்திருக்காமல் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். வழுக்கல் போனபிறகும் கழுவுங்கள். அமிலம் பூசிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்துபிடித்துக் கழுவ வேண்டும், பிறகு வைத்தியசாலை. பரீட்சை மேசையை அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர்களுக்குப் புள்ளி குறைத்தார்கள், குறைத்தது நல்லது. இறப்பர்ச் செருப்போடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பினார்கள். துப்பட்டா, முக்காடு, நீண்ட கூந்தல் எல்லாம் மேலங்கிக்குள் போகட்டும்.

செய்த காரத்தைப் பிளாஸ்ரிக் போத்தலில் ஊற்றி வையுங்கள். கண்ணாடி மூடியிட்ட போத்தலில் வைத்தால் சில நாளில் மூடி இறுகி, யாராலும் திறக்க முடியாமல் போகும். அளவியில் விட்டுவிட்டும் போகாதீர்கள், திருகுபிடி இறுகும். பரமங்கனேற்றும் வெள்ளி நைத்திரேற்றும் கபில நிறப் போத்தலில்.

வாய்மொழியில் எங்கள் அணியைக் கேட்டவை, நினைவில் உள்ளபடி: ஏன் கொதிக்க வைத்து ஆற்றிய நீர்? சோடியம் காபனேற்றை ஏன் முதன்மை நியமமாக எடுக்கலாம், ஐதரொட்சைட்டை ஏன் எடுக்க முடியாது? தலேற்றுக்கு மெதையில் செம்மஞ்சள் என்ற காட்டி (நிறம் மாறும் சாயம்) ஏன் ஒத்துவராது? இந்தக் கரைசலை ஒரு மாதம் கழித்து எடுத்தால் லேபலில் உள்ள எண்ணை நம்புவீர்களா? கடைசிக் கேள்விக்கு "இல்லை, மறுபடி நியமப்படுத்துவேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பேசினால் மேலே கேட்பார்கள்.

நான் தனியாக, பேச்சில்லாமல், மெதுவாக வேலை செய்கிற ஆள். குழுவாகச் சிரித்துப் பேசிக்கொண்டே நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நான் கண்டதில்லை. முடிந்தால் பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் செய்முறைக் கொப்பியை மூடிவைத்துவிட்டு, ஒரு வெற்றுத் தாளில் லேபல்களை மட்டும் எழுதிப் பழகுங்கள்: 0.05 மூலர் சோடியம் காபனேற்று 250 மில்லிலீற்றர், எத்தனை கிராம்? 1.32 என்று யோசிக்காமல் வரவேண்டும்.

ஆய்வுகூட மேலங்கி இல்லாதவர்கள் என்னுடையதை வாங்கிக்கொள்ளலாம். கை சற்று நீளம்; மடித்துக் குத்திக்கொள்ளாவிட்டால் அளவியைத் தட்டிவிடும். இடது பையில் பரமங்கனேற்றுக் கறை இருக்கிறது. ஒட்சாலிக் அமிலத்தில் போகும், ஆனால் நான் முயலவில்லை.