தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியை வேலை: பெங்களூரிலிருந்து விண்ணப்பித்த அனுபவம்

எனக்கு ஊர் திருச்சி. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு, பெங்களூர் அல்சூரில் குடியிருந்துகொண்டு ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பல வருஷம் ஆங்கிலம் நடத்தினேன். இப்போது தாய்லாந்துப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அல்சூர், ராமமூர்த்தி நகர் பக்கம் இருக்கும் நம் ஆசிரியைகள் சிலர் விவரம் கேட்கிறார்கள். காகித வேலையை மட்டும் சொல்லி, நிறத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சை மறைத்தால், அடுத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களை எடுக்க முடியாது என்று பதில் வந்தால், தடுப்பது சட்டமா, ஆளா என்று முதலில் பாருங்கள். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா ஏழு நாட்டவருக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தில் நமக்கும் ஒரு சின்ன வழி உண்டு. பட்டமும் ஆசிரியர் தகுதியும் இருந்தால் பள்ளிகளில் உதவி ஆசிரியராகப் போகலாம், தனியார் பயிற்சி மையங்களுக்கு அது செல்லாது. ஆக, அங்கே மறுத்தால் பெரும்பாலும் அது பாஸ்போர்ட் சமாச்சாரம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். தாய்லாந்தில் அப்படி நாட்டுப் பட்டியல் கிடையாது. நம்மிடம் கூடுதலாக டோயிக் மாதிரி ஓர் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். டோயிக்கில் பொதுவாக 990-க்கு 600. வருஷக்கணக்கில் ஆங்கிலம் நடத்தியவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. இதையும் கொடுத்த பிறகு மறுக்கிறார்கள் என்றால், அது சட்டத்தின் வேலை இல்லை.

நான் முதலில் போனது ஒரு ஏஜென்டிடம். தமிழர்தான். சான்றிதழ் எதையும் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்டது ஃபோட்டோ. அனுப்பினேன். “மேடம், கொஞ்சம் பளிச்சுன்னு வேற ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன், அங்க பேரண்ட்ஸ் பார்ப்பாங்க” என்றார். வரன் பார்க்கும்போது ‘பொண்ணு என்ன கலர்?’ என்று கேட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்தவள் நான். வேலைக்கும் அதே கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அல்சூர் மார்க்கெட் பக்கத்து ஸ்டூடியோவில் புதிதாக எடுக்கப் போனேன். அங்கிருந்த பையன் கேட்காமலே கம்ப்யூட்டரில் என் முகத்தை இரண்டு மூன்று மடங்கு வெளுக்க வைத்துவிட்டான். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். “தம்பி, என் கலர்லயே இருக்கட்டும்பா” என்றேன். “எல்லாரும் இப்படித்தான்க்கா கேப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே பழையபடி மாற்றிக் கொடுத்தான். அந்தப் படத்தைத்தான் எல்லா விண்ணப்பத்திலும் வைத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். வெளுப்பாக்கிய படத்தை நம்பி வேலை கொடுக்கிறவர் வீடியோ பேட்டியில் எப்படியும் உங்களைப் பார்ப்பார்.

ஏஜென்ட் வழியாக வந்த மறுப்புகளில் சிலவற்றில் காரணம் பச்சையாகவே இருந்தது. பெற்றோர்கள் ஐரோப்பிய முகத்தை எதிர்பார்க்கிறார்களாம். சரி, நம் பாஸ்போர்ட்தான் பிரச்சினையோ என்று நினைத்தேன். லண்டனில் பிறந்து வளர்ந்த என் சித்தி மகள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பேசுவதே ஆங்கிலம்தான், அவளும் ஒரு வருஷம் அந்தப் பக்கம் கற்பிக்க ஆசைப்பட்டாள். என்னை மறுத்த அதே பயிற்சி மையம், இவள் கேமராவை ஆன் செய்ததும், ‘நீங்க உண்மையில எந்த ஊர்?’ என்று கேட்டது. அதோடு பேச்சு முடிந்தது. ஆங்கிலமே தாய்மொழியாக இல்லாத ஐரோப்பியர் ஒருவரை அந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மொழித்திறமைதான் முக்கியம் என்பவர்கள் அவளை எப்படி விடுவார்கள்? ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டீசோல், தாய்மொழி எது என்று பார்த்து ஆசிரியரை ஒதுக்கக் கூடாது என்று 2006-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

அப்புறம் ஏஜென்டை விட்டுவிட்டு நேராகப் பள்ளிகளுக்கே எழுத ஆரம்பித்தேன். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே, ‘நான் இந்தியக் குடிமகள், பி.எட். படித்தவள், இந்தப் பணிக்கு என்னைப் பரிசீலிப்பீர்களா?’ என்று கேட்டுவிடுவேன். கூடவே பாடம் நடத்தும் ஒரு சின்ன வீடியோ. இதனால் வீண் அலைச்சல் மிச்சமானது. பாதிப் பேர் பதிலே போடவில்லை, போட்டவர்கள் ஒழுங்காகப் பேசினார்கள்.

இப்போது எடுத்திருக்கும் பள்ளியின் ஆங்கிலத் துறைத் தலைவி ஒரு தாய்லாந்து அம்மா. பேட்டியில் அவர் என் ஊரையோ உச்சரிப்பையோ பற்றிக் கேட்கவில்லை. “எங்கள் பிள்ளைகள் ‘பஸ்’ என்பதை ‘பட்’ மாதிரி சொல்கிறார்கள். என்ன செய்வீர்கள்?” என்றார். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் ‘ஸ்’ ஒலி நிற்காது, அது ‘ட்’ ஆக அடைத்துக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கோ அதே சொல் ‘பஸ்ஸு’ ஆகிவிடும். நான் வகுப்பில் என்ன செய்வேன் என்று செய்து காட்டினேன். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து, அந்த ‘ஸ்’ காற்று கையில் படுகிற வரை இழுக்கச் சொல்வது, பிறகு அதையே சின்னதாக்குவது. அவர் தானும் கையை வைத்துச் செய்து பார்த்தார். இன்னொரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவருக்கு இந்த இடறல்கள் தெரியும். நம்மிடம் இருக்கிற பலம் இது. பேட்டியில் இதைத்தான் காட்ட வேண்டும்.

இனி காகிதம். போலீஸ் கிளியரன்ஸுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்தேன், கட்டணம் 500 ரூபாய், லால்பாக் மையத்துக்கு நேரில் போனேன். பாஸ்போர்ட்டில் திருச்சி விலாசம், இருப்பது அல்சூர் என்பதால் விசாரணை இழுத்தது. விலாசம் மாறியிருந்தால் முன்கூட்டியே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியதோ அந்த மாநில அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்ற அரசு முத்திரை, முதலில் வேண்டும். எனக்குச் சென்னை வழியாக நடந்தது. அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். பல நாடுகள் தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கும் சான்றுக்கு அபோஸ்டில் என்று பெயர். நான் செய்தபோது தாய்லாந்துக்கு அது செல்லாது, சாதாரண அட்டஸ்டேஷனும் அதற்குமேல் தூதரக முத்திரையும் கேட்டார்கள். அங்கே வேலை செய்வதற்கான நான்-பி விசாவுக்குரிய கடிதங்களைப் பள்ளி அனுப்பியது. குருசபா எனப்படும் அங்குள்ள ஆசிரியர் மன்றத்தின் உரிமத்துக்கு நம் பி.எட். உதவும், அதனால் மார்க்‌ஷீட் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

கடைசியில் சம்பளம். பல பள்ளிகளில் இரண்டு அளவு உண்டு: மேலே சொன்ன ஏழு நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட் உள்ளவருக்கு ஒன்று, நம்மையும் பிலிப்பினோ ஆசிரியர்களையும் போன்றவர்களுக்குக் குறைவாக இன்னொன்று. எனக்கும் அந்தக் குறைந்த அளவைத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். பி.எட்.டையும் அனுபவத்தையும் காட்டி, அதே வேலை செய்கிற பட்டம் மட்டும் உள்ளவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். கொஞ்சம் ஏற்றினார்கள், சமமாக ஆக்கவில்லை. முதல் வருஷம் முடிந்ததும் தகுதியை வைத்துச் சம்பளத்தை மறுபடி நிர்ணயிக்க வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்து அனுப்பிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மே நடுவில் பள்ளி திறக்கிறது.