கண்ட்ரோலில் தேடியது

ஆய்வக நாய்களின் நுரையீரலில் கண்ட முடிச்சுகளைப் பற்றி, எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அண்ணா சொன்னது சரிதான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அது புழுதான், மருந்து இல்லை.

ஒரு மருந்தின் பாதுகாப்பைப் பார்க்கும் 90 நாள் ஆய்வு, பீகிள் நாய்கள், வழக்கம்போல் குழுவுக்கு 4 ஆண் 4 பெண். அதிக டோஸில் இரண்டு நாய்கள், குறைந்த டோஸில் ஒன்று, நுரையீரல் உறைக்குக் கீழே கடுகளவு சாம்பல் முடிச்சுகள். ஃபார்மலின் ஏற்றிய நுரையீரலை விரலால் தடவினால் மணல் மாதிரி நெருடும். கண்ட்ரோலில், அதாவது மருந்தே கொடுக்காத குழுவில், ஒன்றும் இல்லை.

“புழு, தம்பி” என்றார், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. (டர்பன் சாட்ஸ்வொர்த்காரர், பாட்டியிடம் பழகிய தமிழ், கோபம் வந்தால்தான் இங்கிலீஷ்.) நானும் பார்த்தேன். முடிச்சின் நடுவே லார்வாத் துண்டு, சுற்றிலும் ஈசினோஃபில், புழுத் தொற்றில் கூடும் வெள்ளணு. ஃபைலராய்டிஸ் ஹிர்த்தி, நாயின் நுரையீரல் புழு. தென்னாப்பிரிக்காவில் நாய்ப் புழு என்றாலே ஸ்பைரோசெர்காதான் நினைவுக்கு வரும், ஆனால் அது பரவச் சாணவண்டு வேண்டும், அந்தப் புழு கட்டியை உண்டாக்குவதும் உணவுக்குழாயில். இதற்கு யாருடைய தயவும் வேண்டாம், மலத்தோடு வெளியே வரும்போதே லார்வா தொற்றத் தயாராக இருக்கும், குட்டியிலேயே தாயிடமிருந்து ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் நாய் இருமக்கூட இருமாது. பீகிள் வளர்ப்பகங்களில் 1970களிலிருந்தே தெரிந்த கதை.

சரி. ஆனால் லார்வா தெரிந்தது ஒரு நாயில் மட்டும். மற்ற இரண்டிலும் வெறும் அழற்சி, புரையேறினாலும் அப்படித்தான் இருக்கும்.

“கண்ட்ரோலில் இன்னும் வெட்டிப் பார்” என்றார். வழக்கமாக எடுக்கும் இரண்டு நுரையீரல் மடல்களை விட்டு மீதி எல்லாவற்றையும் வெட்டினேன். நாலாவது நாயில் கிடைத்தது, பழைய தழும்பு மாதிரி ஒன்று. “பார்த்தியா?” என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது, இப்போது உறுத்துவது அந்த அப்பாடாதான். அதிக டோஸ் நாய்களில் மீதி மடல்களை நான் வெட்டவில்லை. அவரும் சொல்லவில்லை. “அங்கேயும் வெட்டட்டுமா அண்ணா?” என்று கேட்க எவ்வளவு நேரமாகியிருக்கும்?

ஒளிக்கவில்லை, கூடுதலாக வெட்டியதையும் எந்தக் குழுவில் என்பதையும் அறிக்கையில் எழுதினோம். தற்செயலானது, மருந்தோடு தொடர்பில்லை என்றும் எழுதினோம். நாய்க்குள் புழு முன்னமே இருந்தது, அது தற்செயல்தான். ஆனால் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் இதே புழு நுரையீரல் முழுக்கப் பெருகும், அதுவும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே. எட்டில் இரண்டு, எட்டில் ஒன்று என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்படியென்றால் கண்ட்ரோலில் அந்த ஒன்று கிடைத்ததை வைத்து மட்டும் எப்படிச் சொன்னோம்?

மிச்ச மடல்கள் காப்பறையில் ஃபார்மலினில்தான் இருக்கின்றன. அண்ணா போன வருடம் ஓய்வு பெற்றார். தைப்பூசத்தன்று கோயிலில் பார்த்தேன், முழங்கால் வலி பற்றிப் பேசினார். நான் இதைக் கேட்கவில்லை.