மருந்து இல்லை என்று சொன்ன துறவியின் சமாதியில்

பெய்ஜிங்கின் மேற்குப் பகுதியில், பெரிய சாலைகளுக்கு நடுவே இருக்கிறது பாய்யுன் குவான் என்கிற வெண்மேகக் கோயில். சீனாவின் பழைய சமயங்களில் ஒன்று தாவோ; சீனத் தாவோ சங்கத்தின் தலைமையகமும் இதுதான். வாசல் வளைவில் செதுக்கிய சின்னக் கல்குரங்கு, வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டு வழவழவென்று ஆகிவிட்டது. நானும் தொட்டுவிட்டு உள்ளே போனேன். தலைமுடியை உச்சிக் கொண்டையாக முடிந்த துறவிகள், எங்கும் ஊதுவத்திப் புகை. தாவோ சமயத்தின் பெருந்தெய்வமான ஜேட் பேரரசர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு நேராக, தாவோ துறவி சியூ சூஜியின் சந்நிதிக்கு நடந்தேன். நான் வந்ததே அவருக்காகத்தான்.

1148இல் கிழக்குச் சீனாவின் ஷாண்டோங்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, இருபது வயதை ஒட்டி வாங் சோங்யாங் என்ற தாவோ குருவிடம் சீடராகச் சேர்ந்தார். 1170இல் குரு மறைந்தார். அப்புறம் பான்ஷி என்ற இடத்தில் ஆறு வருடம் குகைவாசம், லோங்மென் மலையில் ஏழு வருடம் தவம். ஒருவேளைச் சாப்பாடு, உடுத்திக்கொள்ளப் புல்லில் பின்னிய மழையங்கி.

எழுபதைத் தாண்டிய பிறகு செங்கிஸ் கானிடமிருந்து அழைப்பு வந்தது. உலகமே நடுங்கிய ஆளுக்குச் சாகாவரம் வேண்டியிருந்தது! 1220இல் பதினெட்டுச் சீடர்களோடு கிளம்பினார். மங்கோலியப் புல்வெளி, சமர்கந்து, இந்துகுஷ் மலை எல்லாம் கடந்து 1222இல் கானின் கூடாரத்தை அடைந்தார். இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்களே, என்ன மருந்து கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாராம் கான். உயிரைப் பேண வழி உண்டு, சாகாமல் இருக்க மருந்து இல்லை என்றார் சியூ சூஜி. எதையாவது உருட்டிக் கொடுத்துப் பொன் வாங்கியிருக்கலாம். அந்த மனிதர் முன்னால் அப்படி ஓர் உண்மையைச் சொல்ல எத்தனை வருடத் தவம் வேண்டும்! கான் கோபிக்கவில்லை, அந்த நேர்மையை மெச்சினார். ஆசையை அடக்குங்கள், கொல்வதை விடுங்கள் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார். மறு வருடம் வேட்டையில் கான் குதிரையிலிருந்து விழுந்தபோது, இந்த வயதில் வேட்டையைக் குறையுங்கள் என்றார் சியூ சூஜி. கானும் இரண்டு மாதம் வேட்டைக்குப் போகவில்லை.

சந்நிதியில் அவர் திருவுருவத்துக்கு முன்னால் மரக்கணுவைக் குடைந்து செய்த பெரிய திருவோடு இருக்கிறது. அதற்கு அடியில்தான் அவர் உடல் அடக்கமாகியிருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு சொல்லால் கொலையைத் தடுத்தவர் என்று அவரைப் போற்றும் ஈரடி ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட குயின்லாங் பேரரசர் எழுதியதாம். திருவோட்டின் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கானின் போர்கள் அதோடு நிற்கவில்லை, அது உண்மை. ஆனால் தாவோ துறவிகளுக்குக் கிடைத்த வரிவிலக்கையும் கானின் ஆணையையும் வைத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் சீடர்களை அனுப்பிப் போரில் பிடிபட்டவர்களை அவர் மீட்டார். அடிமைத்தனத்திலிருந்தும் சாவின் விளிம்பிலிருந்தும் அப்படித் தப்பியவர்கள் இருபது முப்பதாயிரம் பேர் என்கிறது, சீனாவை ஆண்ட மங்கோலியரின் யுவான் வம்ச வரலாறு.

கான் இறந்த அதே 1227இல் அவரும் மறைந்தார். சீன நாட்காட்டியில் முதல் மாதம் 19ஆம் நாள் அவருடைய பிறந்தநாள். முடிந்தால் அன்றைக்குப் போங்கள்.